டார்வின் கண்ட பசுஞ் சங்கிலி

சாள்ஸ் டார்வின் என்னும் பெயரைக் கேட்டதும் நம்மிற் பலருக்குக் குரங்கின் நினைவே வருகின்றது. மனிதன் குரங்கினின்றும் வந்தான் என்று சொன்னவர் என்பதே பள்ளிக்கூடம் விட்ட பின்னர் அவரைப்பற்றி நம் மனத்தில் எஞ்சும் செய்தி. அதற்கடுத்தபடி, வலியது வாழும், மெலியது மாயும் என்னும் இரக்கமற்ற விதியை உலகுக்கு உரைத்தவர் என்பர். இவ்விரண்டும் அவரை முழுமையாகக் காட்டா. அவர் எழுதிய நூல்களுள் ஆறு முற்றிலும் தாவரங்களைப் பற்றியன. புல்லையும் பூண்டையும் கொடியையும் நோக்கியபடியே அவர் தம் வாழ்நாளிற் பெரும் பகுதியைக் கழித்தார். ஓரிடத்தின் பசுமை அழியுமாயின் அதனைத் தின்னும் உயிர் அழியும். அவ்வுயிரைத் தின்னும் உயிரும் பின்னே அழியும். இவ்வுண்மையை அவர் நூலறிவாற் பெற்றாரல்லர். கப்பலிலும் குதிரையிலும் சென்று, கண்ணாற் கண்டு பெற்றார். பலரும் சொல்லாது விடுத்த அக்கதையையே ஈண்டுக் கூற முற்படுகின்றேன்.

இங்கிலாந்தின் மேற்கிலுள்ள சுரூஸ்பரி என்னும் ஊரில், 1809 ஆம் ஆண்டு பெப்ரவரி 12 ஆந் திகதி டார்வின் பிறந்தார். தந்தையார் பெயர் பெற்ற வைத்தியர். பாட்டனார் இராஸ்மஸ் டார்வினும் வைத்தியரே. அன்றியும் தாவரங்களைப் பாடுபொருளாக்கிச் செய்யுள் நூல் இயற்றியவர். எட்டு வயதில் தாயை இழந்த சிறுவன் படிப்பில் நாட்டமின்றி வளர்ந்தான். வைத்தியம் கற்க எடின்பரோவுக்கு அனுப்பினர்; மயக்க மருந்து இல்லாத அக்காலத்து அறுவைச் சிகிச்சையைக் காணப் பொறாது ஓடிவந்தான். பின்னர் குருவானவராக்கும் எண்ணத்துடன் கேம்பிறிட்ஜுக்கு அனுப்பினர். அங்கே வேதநூலினும் வண்டுகளே அவனைக் கவர்ந்தன. இரு கைகளிலும் இரண்டு அரிய வண்டுகளைப் பற்றியிருந்தபோது மூன்றாவதொன்று தென்படவே, கையிலிருந்ததை வாய்க்குட் போட்டுக்கொண்டு அதனைப் பிடிக்க முயன்றானாம். வாயிலிருந்த வண்டு கக்கிய காரநீரால் இரண்டையும் இழந்தான் என்பர்.

கேம்பிறிட்ஜில் தாவரவியற் பேராசிரியராயிருந்த ஹென்ஸ்லோவின் நட்பே அவருடைய வாழ்வைத் திருப்பியது. அவருடன் நாள்தோறும் உலாவச் சென்ற மாணவரென்றே டார்வினைப் பிறர் அறிந்திருந்தனர். தென்னமெரிக்காவைப் பற்றி ஹம்போல்ட் எழுதிய பயணநூலும் அக்காலத்திலேயே அவர் கைக்குக் கிட்டியது. தூரதேசத்துக் காடுகளைக் காணும் வேட்கை மூண்டது. பீகிள் என்னும் அரசாங்கக் கப்பல் உலகைச் சுற்றிக் கடலோரங்களை அளக்கப் புறப்படவிருந்த வேளையில், அதன் தலைவர் ஃபிட்ஸ்றோய்க்குத் துணையாக இயற்கை நூல் வல்லுநர் ஒருவர் தேவைப்பட்டார். ஹென்ஸ்லோ தம் மாணாக்கரைப் பரிந்துரைத்தார். தந்தையார் மறுத்தார், மாமனார் எடுத்துரைக்கவே இசைந்தார். 1831 டிசம்பர் 27 ஆந் திகதி கப்பல் பிளிமத் துறையை விட்டு நீங்கியது. இருபத்திரண்டு வயது இளைஞர், கடல்நோயால் நெடுநாள் வருந்தியபடியே சென்றார்.

1832 பெப்ரவரி நடுப்பகுதியில், அத்திலாந்திக் சமுத்திரத்தின் நடுவே, பூமத்திய ரேகைக்கு அண்மையில், சென்ற் போல் பாறைகள் எனப்படும் சிறு குன்றுகளில் அவர் இறங்கினார். பறவைகளின் எச்சம் படிந்து தூரத்தே வெள்ளை வெளேரென்று தோன்றும் அப்பாறைகளில் ஒரு புல் இல்லை, பூண்டு இல்லை. கற்பாசிகூட இல்லை. அப்படியாயின் அங்கே உயிர்கள் எதனை உண்டு வாழ்கின்றன என்னும் வினா எழுவது இயல்பு. டார்வின் அங்கிருந்தவற்றை ஒவ்வொன்றாக எண்ணிக் குறித்துக்கொண்டார். கடற்பறவைகள் இரண்டு வகை. அவை கடலிலிருந்து மீன் கொணர்ந்து கூட்டருகே வைக்கும். பெட்டைக்கென்று சேவல் கொண்டுவந்து வைத்த பறக்கும் மீனைப் பாறை இடுக்கிலுள்ள நண்டு களவாடிச் செல்லும். பறவையின் உடலில் ஒட்டி வாழும் ஈ ஒன்று, உண்ணி ஒன்று, இறகைத் தின்னும் சிறு அந்துப்பூச்சி ஒன்று, எச்சத்தின் கீழ் வாழும் பூச்சிகள் சில. இவற்றைப் பிடித்துண்ணச் சிலந்திகள் பல. அவ்வளவே.

பசுமையில்லாத நிலத்தில் எவ்வகை வாழ்வு இயலும் என்பதை இயற்கை அவருக்குக் காட்டிய முதற் பாடமாக இதனை நான் கருதுகின்றேன். அங்கு வாழ்ந்த சிற்றுயிர்கள் எல்லாம் பறவையை அண்டிப் பிழைத்தன. பறவை மீனை அண்டிப் பிழைத்தது. அம்மீனுக்கும் அடிப்படையாய் நின்றவை கண்ணுக்குத் தெரியாத கடற் தாவர நுண்ணுயிர்கள். நிலத்தில் இல்லாத இலை கடலில் இருந்தது. அதனால் அந்தச் சிலந்தி உயிர்வாழ்ந்தது. சூரிய ஒளியைக் கொண்டு உணவு சமைக்கும் வல்லமை பச்சைத் தாவரத்துக்கே உரியது. ஏனைய நாமெல்லாம் உண்போரே. ஆயினும் இவற்றையெல்லாம் உணவுச் சங்கிலி என்று கோவைப்படுத்திச் சொல்லும் மரபு அப்போது தோன்றியிருக்கவில்லை. சாள்ஸ் எல்ரன் என்னும் ஆங்கில அறிஞர் 1927 இல் வெளியிட்ட விலங்குச் சூழலியல் நூலே அக்கருத்தை நிலைநாட்டியது.

பாறையை விட்டுப் பன்னிரண்டு நாளில் பிரேசில் நாட்டுக் காட்டினுள் அவர் புகுந்தார். ஹம்போல்ட்டின் நூலிற் படித்துப் படித்துக் கனவு கண்ட காடு கண்முன் நின்றது. அம்மகிழ்ச்சியை இங்கு விரிக்கப் புகின் கட்டுரை நீளும்.

அடுத்த ஆண்டில் ஆர்ஜென்ரீனாவின் பம்பாசுப் புல்வெளிகளில் அவர் குதிரையேறிச் சென்றார். அங்குள்ளோர் அவருக்குப் பெரு வறட்சி என்று தாம் பெயரிட்டிருந்த ஒரு கொடிய காலத்தின் கதையைக் கூறினர். 1827 முதல் 1830 வரை மழை பொய்த்தது. புல் கருகியது, முட்பூண்டுகூட முளைக்கவில்லை. ஓடைகள் வற்றின. நாடு முழுவதும் தூசு படிந்த பெருந்தெருப்போலக் காட்சியளித்தது. காட்டு மான்கள் அச்சத்தை மறந்து, மனிதன் தோண்டிய கிணற்றுத் தண்ணீரை நாடி வீட்டு முற்றத்துக்கே வந்தன. கௌதாரிகள் துரத்தினாலும் பறக்க வலுவின்றிக் கிடந்தன. புவனோஸ் அயர்ஸ் மாகாணத்தில் மட்டும் பத்து இலட்சம் மாடுகள் மடிந்தன என்று மதிப்பிட்டிருந்தனர். சான் பேத்ரோ என்னும் ஊரில் 20,000 மாடு வைத்திருந்த பண்ணையாளர் ஒருவருக்கு இறுதியில் ஒன்றுகூட மிஞ்சவில்லை. மாட்டிறைச்சிக்குப் பேர்போன அந்நாட்டுக்கு உயிருள்ள மாடுகளைக் கப்பலேற்றிக் கொண்டுவர வேண்டியதாயிற்று. தாகத்தால் பரானா ஆற்றில் ஆயிரக்கணக்கில் இறங்கிய மாடுகள் சேற்றுக் கரையேற மாட்டாது மூழ்கின.

வறட்சிக்குப் பின் பெருமழை பெய்து வெள்ளம் வந்தது. ஆற்றடியிற் கிடந்த எலும்புகளின்மேல் அவ்வாண்டே வண்டல் படிந்தது. பிற்காலத்துப் புவிச்சரிதவியலார் ஒருவர் இவ்வெலும்புக் குவியலைத் தோண்டி எடுப்பாராயின், வெள்ளமே விலங்குகளைக் கொன்றதென்று முடிவுகட்டுவார் என டார்வின் எண்ணினார். கொன்றது வெள்ளமன்று, புல்லும் நீரும் இல்லாமை. இந்நுட்பம் இருபத்துநான்கு வயதினருக்கு வாய்த்தது வியப்பே.

எனினும் அவர் தம் பயணத்தில் இப்பொருளை மிக ஆழமாக உணர்ந்த இடம், தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் ஃபுவேகோ. குளிரும் புயலும் நிலவும் அக்கடலில் 1832 இறுதியிலும் 1834 இலும் பீகிள் உலாவியது. அங்கே பாறை உள்ள இடமெல்லாம் கெல்ப் என்னும் இராட்சதக் கடற்சாதாழை வளர்ந்திருக்கக் கண்டார். கடலடிப் பாறையைப் பற்றிக்கொண்டு, நெடிதுயர்ந்து, நீர்ப்பரப்பில் இலை விரித்துக் கிடப்பது அது. தண்டு பெருவிரலளவு பருமனுமிராது. மாலுமிகளுக்கு அது மிதவைக் குறியாக உதவிற்று. சாதாழை மிதக்குமிடத்தில் அடியிற் பாறை உண்டென அறிந்து கப்பலைத் திருப்புவர். பேரலைகளை அது தடுத்து அமைதிப்படுத்துவதையும் டார்வின் குறித்தார்.

மாலுமி அறிந்தது அவ்வளவு. டார்வினோ ஒரு தண்டை அடியோடு பிடுங்கிக் கப்பல் தளத்திற் போட்டு உதறினார். பின்னிப் பிணைந்த அவ்வேர்க்கட்டிலிருந்து சிறு மீன்கள், சிப்பிகள், கணவாய்கள், பலவகை நண்டுகள், கடல்முள்ளெலிகள், நட்சத்திர மீன்கள், கடலட்டைகள், பல உருவப் புழுக்கள் எனக் குவியல் குவியலாக விழுந்தன. எத்தனை முறை உதறினாலும் முன்பு காணாத உயிரொன்று அகப்பட்டது. இலைகளின்மேல் நுண்ணுயிர்கள் கூடுகட்டிப் படிந்து வெண்ணிறமாய்த் தோன்றின. ஒரு செடியின் குடிகளை விவரிக்கப் புகுந்தால் பெருநூலொன்று வேண்டும் என அவருக்குப் பட்டது.

அப்போது அவர் உள்ளத்தில் ஓர் ஒப்புமை தோன்றியது. வெப்ப மண்டலத்துப் பெருங்காடுகளை அவர் கண்டவர். தரைமேலுள்ள எந்தக் காட்டை அழித்தாலும், இந்தக் கடற்காட்டை அழித்தால் மடியுமளவு உயிரினங்கள் மடியா என்று அவர் துணிந்தார். பின், கற்பனையில் அக்காட்டை அழித்தே பார்த்தார். சாதாழை போயின் அதனிடையே இரையும் ஒதுக்கிடமும் பெறும் மீன்கள் போகும். மீன் போயின் நீர்க்காகம் முதலிய மீன்கொல்லிப் பறவைகள் போகும். நீர்நாயும் கடல்நாயும் கடற்பன்றியும் விரைவிற் போகும். ஈற்றில் அக்கரையில் வாழும் மனிதனும் குன்றி, ஒருவேளை இல்லாமலே போவான். இலை முதல் மனிதன் வரை ஒரே நூலில் கோத்து, அடியிலுள்ள முடிச்சை அவிழ்த்தால் மேலே என்ன நேரும் என்று பார்த்த இச்சிந்தனை, எல்ரனின் நூலுக்குத் தொண்ணூறு ஆண்டுகளுக்கு முற்பட்டது.

இவ்விடத்தில் டார்வினின் குறை ஒன்றையும் மறைத்தலாகாது. பசி வந்தபோது அம்மக்கள் மனிதரையே தின்பர் எனப் பிறர் கட்டிய கதையை அவர் நம்பினார். சாதாழை பற்றிய அச்சீரிய பகுதியிலும் அதனை எழுதிவைத்தார். அது பொய். யாகான் என்னும் அம்மக்கள் சிப்பியும் மீனும் கடல்நாயும் உண்டு, படகிலேயே நெருப்பு வளர்த்து வாழ்ந்த கடலோடிகள். அவர்கள் குன்றியதற்குச் சாதாழையின் அழிவு காரணமன்று. வெளியார் வந்து கடல்நாய்களை வேட்டையாடி ஒழித்தனர்; நிலம் பறிபோயிற்று; அம்மை முதலிய நோய்கள் கப்பலேறி வந்தன. அம்மொழியைத் தாய்மொழியாய்ப் பேசிய இறுதி மூதாட்டி 2022 இல் மறைந்தார். செடியின் குடிகளை அத்துணைப் பரிவோடு எண்ணியவர், அதன் கரையிலிருந்த மனிதரை அதே பரிவோடு காணவில்லை என்பதே என் கருத்து.

பீகிள் பசிபிக்கைக் கடந்து, அவுஸ்திரேலியாவை அடைந்து, இந்து சமுத்திரத்திலே கீலிங் தீவிலிருந்து மொரீசியசுக்குச் சென்றது. நம் நாட்டுப் பக்கம் அது வரவில்லை. எனினும் பிற்காலத்தில் பேராதனைப் பூந்தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ் என்பாருக்கும் டார்வினுக்கும் கடிதத் தொடர்பு இருந்தது என்பதை இங்குள்ள தாவரவியல் மாணாக்கர் அறிந்திருத்தல் நன்று.

திரும்பும் வழியில், 1836 யூலை 8 ஆந் திகதி, சென்ற் ஹெலினாத் தீவில் அவர் இறங்கினார். நெப்போலியன் சிறையிருந்து மாண்ட தீவு அது. அவன் புதைக்கப்பட்ட இடத்துக்கு அண்மையிலேயே டார்வினுக்குத் தங்குமிடம் கிடைத்தது. பேரரசனின் கல்லறையைக் காண வருவோர் பலர். டார்வின் தேடியதோ வேறொரு கல்லறை. லோங்வுட் என்னும் மேட்டுநிலத்துக்கு அருகே, ஏறத்தாழ 2,000 ஏக்கர் பரப்பில், பெருங்காடு என்று பெயர் வழங்கிய ஓர் இடம் இருந்தது. பெயரில் மட்டுமே அங்கு காடு இருந்தது. மரமொன்றும் இல்லை.

அக்காடு அழிந்த வரலாற்றைத் தீவின் பழைய ஏடுகள் கூறின. 1502 இல் ஆடுகள் கொண்டுவந்து விடப்பட்டன. எண்பத்தாறு ஆண்டுகளில் அவை எண்ணிறந்து பெருகின. ஆடு முதிர்ந்த மரத்தைத் தின்னாது, இளங்கன்றையே தின்னும். பன்றியும் சேர்ந்துகொண்டது. ஆகவே காடு நெடுங்காலம் காடாகவே தோற்றமளித்தது. நிழல் இருந்தது, காய் இருந்தது, விதை விழுந்தது. விதையிலிருந்து வந்த கன்று மட்டும் மரமாகவில்லை. 1716 இல் மரங்கள் பல நின்றன. 1724 இல் கிழமரங்கள் பெரும்பாலும் சாய்ந்துவிட்டன. அவற்றின் இடத்தைப் பிடிக்க ஓர் இளமரமும் இல்லை. கம்பிபோன்ற ஒருவகைப் புல் அங்கு படர்ந்தது. 1731 இல் திரியும் விலங்குகளைக் கொல்லுமாறு கட்டளை பிறந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. ஆடு இறங்கிய நாளுக்கும் மரம் சாய்ந்த நாளுக்கும் இடையே இருநூறு ஆண்டுக்கு மேற்பட்ட காலம் சென்றமையால், வாழ்ந்த எவரும் அந்த அழிவைத் தம் கண்முன் நிகழ்வதாகக் காணவில்லை.

டார்வின் மண்ணைக் கிளறினார். அங்கே வெண்ணிறச் சிப்பிகள் புதைந்து கிடந்தன. உயரமான நிலத்தில் அவை கிடப்பதைக் கண்டு, ஒருகாலத்தில் அங்கே கடல் இருந்ததென முன்னோர் கருதியிருந்தனர். அவை கடற்சிப்பிகள் அல்ல, நில நத்தைகளின் ஓடுகள் என அவர் கண்டார். எட்டு வகை ஓடுகள் கிடைத்தன. உயிரோடு ஒன்றும் கிடைக்கவில்லை. காடு முற்றாய் அழிந்தமையால் உணவும் உறைவிடமும் இழந்து அந்நத்தைகள் மாண்டிருத்தல் வேண்டும் என அவர் முடிவு செய்தார். தென்கோடிக் கடலிற் கற்பனையாக அவர் நடத்திய அழிவு, இங்கே நூறாண்டுக்கு முன்னரே உண்மையாக நடந்தேறியிருந்தது. ஓடுகள் சாட்சியாய்க் கிடந்தன. அந்தத் தீவில் அப்போது வளர்ந்த 746 தாவர வகைகளுள் 52 மட்டுமே அம்மண்ணுக்கு உரியன, எஞ்சியவை வந்தேறின எனவும் அவர் குறித்துள்ளார். தீவு பார்வைக்குப் பச்சையாகவே இருந்தது. ஆனால் பழைய குடிகளுக்குச் சோறிட்ட பச்சை அதுவன்று.

1836 ஒக்டோபர் 2 ஆந் திகதி அவர் தாய்நாடு மீண்டார். மல்தசின் மக்கட்பெருக்கம் பற்றிய நூலை 1838 இற் படித்ததும், மறு ஆண்டு எம்மா வெஜ்வுட் அம்மையாரை மணந்ததும், 1842 இற் கென்ற் மாவட்டத்து டவுண் என்னும் சிற்றூரிற் குடியேறியதும் யாவரும் அறிந்தவை. நோயாளியாகிவிட்ட அவர் அதன்பின் ஒருபோதும் கடல் கடக்கவில்லை. பத்துப் பிள்ளைகளில் மூவர் இளமையிலேயே இறந்தனர். பத்து வயது மகள் ஆனி 1851 இல் மறைந்த துயர் அவரை விட்டு அகலவேயில்லை. அவருடைய உலகம் ஒரு வீடும், தோட்டமும், நாள்தோறும் சுற்றி நடந்த மணற்பாதையுமாய்ச் சுருங்கியது.

சுருங்கிய அவ்வுலகிலும் அவர் எண்ணுவதை நிறுத்தவில்லை. மூன்றடி நீளமும் இரண்டடி அகலமுமான நிலத்தைக் கொத்திச் சுத்தஞ் செய்து, அதில் முளைத்த களைக் கன்றுகளை ஒவ்வொன்றாய்க் குறியிட்டார். 357 முளைத்தன. அவற்றுள் 295 அழிந்தன. பெரும்பாலானவற்றைத் தின்றவை ஓடில்லா நத்தையும் பூச்சியுமே. சென்ற் ஹெலினாவில் ஆடு செய்ததைக் கொல்லைப்புறத்தில் நத்தை செய்துகொண்டிருந்தது.

ஸ்ரபோட்சயர் மாவட்டத்தில் உறவினர் ஒருவருக்கு மனிதன் கைபடாத பெரும் பற்றைநிலம் இருந்தது. அதன் ஒரு பகுதியை இருபத்தைந்து ஆண்டுக்கு முன் வேலியடைத்துப் பைன் மரம் நட்டிருந்தனர். வேலிக்கு இப்புறமும் அப்புறமும் மண் ஒன்றே, மழை ஒன்றே. ஆயினும் மரம் நட்ட பக்கத்தில், பற்றைநிலத்திற் காணப்படாத பன்னிரண்டு வகைச் செடிகள், புல்லினங்களை விட்டு எண்ணியபோதே, செழித்திருந்தன. பூச்சி தின்னும் பறவைகளுள் ஆறு வகை அங்கு புதிதாய்க் குடியேறியிருந்தன. அப்புறத்தில் வேறு இரண்டு மூன்று வகைகளே திரிந்தன. மரம் பூச்சியை மாற்றிற்று. பூச்சி பறவையை மாற்றிற்று. அழிவின் கணக்கை முன்னர் கண்டவர், ஆக்கத்தின் கணக்கையும் இங்கே கண்டார். சறேயில் பார்ணம் என்னும் ஊரருகே இதன் மறுபக்கமும் தென்பட்டது. மாடு மேயும் பற்றைநிலத்தில் மரமே இல்லையெனத் தோன்றியது. குனிந்து பார்த்தபோது ஒரு சதுர யாரில் 32 சிறு பைன் கன்றுகள் மேய்ச்சலால் தலைகுட்டப்பட்டு நின்றன. அவற்றுள் ஒன்றின் தண்டில் 26 ஆண்டு வளையங்கள் இருந்தன. இருபத்தாறு வயதிலும் அது பற்றைக்கு மேல் தலைநீட்ட முடியாதிருந்தது.

குளோவர் என்னும் தீவனப் பூண்டைப்பற்றி அவர் செய்த ஆராய்ச்சியைப் பலரும் வேடிக்கையாகச் சொல்வர். செங்குளோவர்ப் பூங்கொத்துக்கள் நூறு 2,700 விதைகளைத் தந்தன. வலையால் மூடித் தேனீ அணுகாமற் காத்த வேறு நூறு கொத்துக்கள் ஒரு விதைகூடத் தரவில்லை. நீண்ட நாவுடைய ஒருவகைப் பெருந்தேனீயே அப்பூவின் தேனை எட்டும். அத்தேனீயின் கூட்டை வயலெலி அழிக்கும். எலியைப் பூனை பிடிக்கும். ஆகவே ஊரிற் பூனை பெருகினால் வயலிற் குளோவர் பெருகும் என்பது அவர் காட்டிய தொடர். பூனையில் தொடங்கிக் கூறினால் இது விநோதக் கதை. பூண்டிலிருந்து தொடங்கி எண்ணிப் பார்ப்பவருக்கு அது விநோதமாகாது. பூண்டு போயின் தேனீக்கு உணவில்லை, மாட்டுக்குத் தீவனமில்லை. தேனீ போயின் மீண்டும் பூண்டு இல்லை. உண்பதும் உண்ணப்படுவதும் ஒன்றையொன்று தாங்கி நின்றன.

இவையெல்லாம் 1859 நவம்பர் 24 ஆந் திகதி வெளிவந்த உயிரினங்களின் தோற்றம் என்னும் நூலின் மூன்றாம் இயலில் இடம்பெற்றன. வாலசின் கடிதம் வந்ததும், இருவர் கட்டுரைகளும் 1858 இல் ஒருங்கே வாசிக்கப்பட்டதும், பின் எழுந்த சமயப் போரும் பன்முறை எழுதப்பட்ட செய்திகள். போராட்டம் என்னும் ஒரு சொல்லையே உலகம் அந்நூலிலிருந்து பிடித்துக்கொண்டது. அச்சொல்லை விரிந்த பொருளில் ஆள்வதாகவும், ஓருயிர் மற்றோருயிரைச் சார்ந்து நிற்றலும் அதனுள் அடங்கும் எனவும் அவரே அதே இயலில் விளக்கியிருந்ததைக் கவனித்தோர் சிலரே.

1862 இல் ஓர்க்கிட் மலர்களைப்பற்றிய நூல் வந்தது. மடகாஸ்கரிலிருந்து கிடைத்த வெண்ணிற ஓர்க்கிட் ஒன்றின் தேன்குழல் பதினொன்றரை அங்குல நீளமிருந்தது. தேன் அதன் அடியிலே மட்டும் நின்றது. அத்துணை நீளமான உறிஞ்சுகுழல் உடைய அந்துப்பூச்சி அந்நாட்டில் இருந்தே தீரவேண்டும் என டார்வின் கூறினார். பூச்சியியலார் சிலர் நகைத்தனர். 1903 இல் அப்பூச்சிக்குப் பெயரிட்டு விவரித்தனர். டார்வின் மறைந்து அப்போது இருபத்தொரு ஆண்டு. முன்கூட்டி உரைத்த திறத்தையே எல்லாரும் புகழ்வர். எனக்கோ அதனையடுத்து அவர் எழுதிய சிறு பகுதியே பெரிதாகப் படுகின்றது. அப்பூச்சி இல்லாமற் போனால் அம்மலர்ச்செடி உறுதியாக அழியும் என்றும், அச்செடி அழிந்தால் அப்பூச்சிக்கும் பேரிழப்பு நேரும் என்றும் அங்கே அவர் கூறினார். காணாத ஒரு பூச்சியின் பசியைப்பற்றிக் கவலைப்பட்ட மனிதர் அவர்.

இறுதி நூல் 1881 இல் வந்தது. பொருள், மண்புழு. புழுக்கள் இரவில் உதிர்ந்த இலைகளைத் தம் வளைக்குள் இழுத்துச் செல்வதையும், எந்த நுனியைப் பற்றி இழுக்கின்றன என்பதையும் அவர் பொறுமையாக ஆராய்ந்தார். ஏக்கருக்குப் பத்துத் தொன்னுக்கு மேற்பட்ட மண், ஆண்டுதோறும் அவற்றின் உடலினூடு சென்று மேலே வருமிடங்கள் பல என்று கணித்தார். சென்ற் போல் பாறையில் இலையில்லா வாழ்வைக் கண்டவர், உதிர்ந்த இலையும் வீண்போகாது மீண்டும் மண்ணாகிப் பயிரை வளர்ப்பதை முதுமையிற் கண்டார். 1882 ஏப்ரில் 19 ஆந் திகதி டவுண் இல்லத்தில் அவர் உயிர் நீத்தார். அவ்வூரிலேயே அடங்க விரும்பியவரை வெஸ்மின்ஸ்ரர் ஆலயத்தில் நல்லடக்கம் செய்தனர்.

அவர் கற்பனையில் அழித்த கடற்காடு, வேறோர் கடலில் உண்மையாகவே அழிந்ததை நம் காலம் கண்டது. கலிபோர்னியாவின் வடகரையிலும் கெல்ப் காடுகள் உண்டு. அவை வேறொரு வகைச் சாதாழை. 2013 இல் அங்கு நட்சத்திர மீன்களைக் கொள்ளைநோய் தாக்கியது. 2014 முதல் 2016 வரை கடல்நீர் வழமைக்கு மீறிச் சூடேறியது. நட்சத்திர மீனுக்கு இரையாகிவந்த கடல்முள்ளெலிகள் தடையின்றிப் பெருகி, நலிந்திருந்த சாதாழையைத் தின்றன. காட்டில் பத்திலொன்பது பங்குக்கு மேல் மறைந்தது. சாதாழையையே உணவாகக் கொண்ட அபலோனி என்னும் பெரிய சிப்பியுயிர் பட்டினியால் மடிந்தது. 2018 இல் அதனைப் பிடித்தலை முற்றாகத் தடைசெய்தனர். கரையூர்களில் அதனை நம்பியிருந்தோர் பிழைப்பிழந்தனர். டார்வின் சொன்ன அதே வரிசை: இலை, விலங்கு, மனிதன்.

சென்ற் ஹெலினாவில் பெருங்காடு நின்ற நிலத்தில், 2000 ஆம் ஆண்டு முதல் அத்தீவுக்கே உரிய கோந்துமரக் கன்றுகளை மக்கள் நட்டு வருகின்றனர். தியரா டெல் ஃபுவேகோவின் சாதாழைக்கோ எவரும் ஒன்றும் செய்யவேண்டியிருக்கவில்லை. பீகிள் முதலிய கப்பல்கள் வரைந்த பழைய கடற்படங்களிற் குறித்த இடங்களை, அண்மையில் ஆய்வாளர் செய்மதிப் படங்களோடு ஒப்பிட்டனர். ஏறத்தாழ இருநூறு ஆண்டுக்குப் பின்னும், அதே பாறைகளின்மேல், அதே இடங்களில் அது இலை விரித்துக் கிடக்கின்றது.